கையெழுத்துக் கைதிகள் – 4: ‘முதலில் படித்துப் பார்க்க வேண்டும்’

பீட் டூபாண்ட் ஒரு தாளை எடுத்து, பக்கத்தில் இருந்த போட்டியாளர் பாப் டோலிடம் நீட்டினார். “கையெழுத்துப் போடுங்கள்.”

1988 பிப்ரவரி. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளருக்கான உட்கட்சித் தேர்தலுக்கு இன்னும் இரண்டே நாள். செயின்ட் ஆன்செல்ம் கல்லூரியில் நடந்த அந்த விவாதத்தைத் தொலைக்காட்சியில் மாநிலமே பார்த்துக்கொண்டிருந்தது. தாளை நீட்டியவர் டெலவேரின் முன்னாள் ஆளுநர். அமெரிக்காவின் மிகப் பெரிய ரசாயனத் தொழில் குடும்பத்தின் வாரிசு. அந்தத் தாள் ஓர் உறுதிமொழிப் பத்திரம். வருமான வரி விகிதத்தை உயர்த்தும் எந்த முயற்சியையும் எதிர்ப்பேன் என்று எழுதித் தர வேண்டும்.

டோல் தாளை வாங்கினார். “ஜார்ஜிடம் கொடுங்கள். நான் முதலில் படித்துப் பார்க்க வேண்டும்” என்றார். ஜார்ஜ் என்றது இன்னொரு போட்டியாளரான புஷ்ஷை.

பொறுப்புள்ள மனிதர் வேறென்ன சொல்வார்? டோல் செனட்டின் நிதிக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். 1981இல் அதிபர் ரீகன் வரிகளை வெட்டியதும் கஜானாவில் விழுந்த ஓட்டையை, மறு ஆண்டே வரி உயர்வு கொண்டுவந்து ஓரளவு அடைத்தவர். நாளை என்ன நெருக்கடி வரும் என்று இன்றே தெரியாது என்பதை அனுபவத்தில் அறிந்தவர்.

ஆனால் அவர் அதைச் சொன்ன ஊர் நியூ ஹாம்ப்ஷயர். அங்கே மாநில விற்பனை வரி கிடையாது. சம்பளத்துக்கு மாநில வருமான வரியும் கிடையாது. ‘மான்செஸ்டர் யூனியன் லீடர்’ நாளிதழின் உரிமையாளர் வில்லியம் லோப், ஆளுநர் பதவிக்கு நிற்பவர்களிடம் வரி போடமாட்டேன் என்ற வாக்குறுதியை 1970களிலேயே கேட்டு வாங்கத் தொடங்கியிருந்தார். கொடுத்தவர்களைப் பத்திரிகை தூக்கிப் பிடித்தது, மறுத்தவர்களைத் தாளித்தெடுத்தது. யாருடைய ஓட்டும் வாங்காத ஒரு பத்திரிகை முதலாளி, ஒரு மாநிலத்தின் நிதிக் கொள்கைக்கு வேலி போட்டுவிட்டார். 1988இல் லோப் உயிரோடு இல்லை. வேலி இருந்தது. அந்தப் பத்திரிகை அந்த ஆண்டு ஆதரித்த வேட்பாளர் யார் தெரியுமா? பீட் டூபாண்ட்.

டூபாண்ட் ஜெயிக்கவில்லை. லாபம் வேறொருவருக்குப் போனது. ஒரு வாரம் முன்பு அயோவாவில் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டிருந்த துணை அதிபர் ஜார்ஜ் புஷ், வரி விஷயத்தில் டோல் இரண்டு பக்கமும் கால் வைக்கிறார் என்ற விளம்பரத்தைக் கடைசி நாட்களில் ஓயாமல் ஓட்டினார். புஷ் சுமார் 38 சதவீதம், டோல் 28. டோலின் கனவு அங்கேயே உடைந்தது.

வாஷிங்டனில் இதைக் கவனித்துக்கொண்டிருந்தவர் குரோவர் நார்குவிஸ்ட். முப்பத்தோரு வயது. 1985இல் உருவான ‘அமெரிக்கன்ஸ் ஃபார் டாக்ஸ் ரிஃபார்ம்’ அமைப்பின் தலைவர். லோப் ஒரு மாநிலத்தில் செய்ததை இவர் நாடு முழுவதும் செய்யத் துணிந்திருந்தார். அவருடைய உறுதிமொழிப் பத்திரம் 1986இல் பிறந்தது. தொகுதி மக்களுக்கும் அமெரிக்க மக்களுக்கும் அளிக்கும் வாக்கு என்றுதான் அதில் இருக்கும். சாட்சிகள் முன்னால் கையெழுத்தான மூலப் பிரதியோ நார்குவிஸ்ட்டின் வசம், தீப்பிடிக்காத பெட்டகத்தில் பூட்டி வைக்கப்படும். கெடு தேதி கிடையாது. பதவியில் இருக்கும்வரை கட்டுப்படுத்தும். அவருடைய அமைப்புக்குப் பணம் கொடுப்பவர்கள் யார் என்று பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. என்னை உறுத்துவது இதுதான்: வாக்குக் கொடுத்தவர் பெயர் ஊருக்கே தெரியும்; அதைக் காவல் காக்கப் பணம் போட்டவர் பெயர் தெரியாது.

புஷ்ஷின் பிரசாரத்துக்குள் பாய்ந்த பணமும் சாதாரணமல்ல. ஒரு வேட்பாளருக்கு ஒருவர் ஒரு தேர்தலில் 1,000 டாலருக்கு மேல் தரக் கூடாது என்றது சட்டம். கட்சிக்குக் கொடுத்தால்? அங்கே கதவு திறந்திருந்தது. நிதி திரட்டும் பொறுப்பில் இருந்த ராபர்ட் மோஸ்பாக்கர், ‘டீம் 100’ என்ற குழுவைக் கட்டினார். சேரக் கட்டணம் 1,00,000 டாலர். ஏறக்குறைய 250 பேர் கட்டினார்கள். பங்குகளையும் சொத்துகளையும் விற்று வரும் லாபத்தின் மீதான வரியை 15 சதவீதமாகக் குறைப்பேன் என்பது புஷ்ஷின் இன்னொரு வாக்குறுதி. அதனால் மிக அதிகம் பயன்பெறுபவர்கள் எந்த வர்க்கம் என்று விளக்க வேண்டியதில்லை. புஷ் ஜெயித்ததும் மோஸ்பாக்கர் வணிக அமைச்சரானார்.

அதற்கு முன், ஆகஸ்ட் 18, நியூ ஆர்லியன்ஸில் குடியரசுக் கட்சி மாநாடு. புஷ்ஷின் உரையை எழுதியவர் பெகி நூனன். வரைவில் இருந்த ஒரு வரி ஆபத்தானது என்று ஆலோசகர் ரிச்சர்ட் டார்மன் அதை நீக்கப் பார்த்தார். அது திரும்பவும் உரைக்குள் வந்து உட்கார்ந்தது. “ரீட் மை லிப்ஸ்: நோ நியூ டாக்ஸஸ்!” என் உதட்டைப் பாருங்கள், புதிய வரி கிடையாது! அரங்கம் அதிர்ந்தது.

பதவியேற்றதும் டார்மனையே பட்ஜெட் இயக்குநராக்கினார் புஷ். கணக்கு உதைத்தது. பற்றாக்குறை 200 பில்லியன் டாலரைத் தாண்டியது. திவாலான சேமிப்பு வங்கிகளை மீட்கும் செலவு தனி. நாடாளுமன்றமோ ஜனநாயகக் கட்சியின் கையில். 1990 ஜூன் 26 அன்று வெள்ளை மாளிகை ஒரு சிறு அறிக்கையை வெளியிட்டது. தேவையான நடவடிக்கைகளின் பட்டியலில் ‘வரி வருவாய் அதிகரிப்பு’ என்றும் ஒன்று இருந்தது.

ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தில் இரு கட்சியினரும் அடைந்து கிடந்து பேசினார்கள். ஐந்தாண்டில் பற்றாக்குறையை 500 பில்லியன் டாலர் குறைக்கும் ஒப்பந்தம் தயாரானது. பெட்ரோலுக்கும் சிகரெட்டுக்கும் மதுவுக்கும் வரி ஏறும். முதியோர் தம் மருத்துவக் காப்பீட்டுக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டும். பெரும் பணக்காரர்களின் 28 சதவீத வருமான வரி விகிதம் மட்டும் அப்படியே. உறுதிமொழியின் ஆவேசம் எவருக்கு அரணாக நின்றது என்பதை அந்தப் பட்டியலைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

செப்டம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளை மாளிகையின் ரோஜாத் தோட்டம். புஷ்ஷைச் சுற்றி இரு கட்சித் தலைவர்களும் கேமராக்கள் முன் நின்றார்கள். ஒருவர் குறைந்தார். சற்று முன்புவரை உள்ளே அதே கூட்டத்தில் இருந்தவர். பிரதிநிதிகள் சபையில் அதிபரின் சொந்தக் கட்சிக் கொறடா. இந்த ஒப்பந்தத்துக்கு என் ஆதரவு இல்லை என்று சொல்லிவிட்டு, தோட்டத்துப் பக்கம் வராமல் வேறு வாசல் வழியாக வெளியேறியிருந்தார். அவருடைய கார் நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கிப் பறந்தது. அங்கே அவரை வரவேற்கக் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் கூடியிருந்தார்கள்.

அவர் பெயர் நியூட் ஜிங்ரிச். சபையில் வாக்கெடுப்புக்கு ஐந்தே நாள்.

(தொடரும்)