ரால்ஃப் கைனரின் ஆட்டமும் அதை எடைபோட்ட அளவுகோல்களும்

அமெரிக்கப் பேஸ்பால் வரலாற்றில் 1946 முதல் 1952 வரை தொடர்ந்து ஏழு பருவங்களில், தனித்தோ மற்றொருவருடன் சமமாகவோ, நேஷனல் லீகின் மிகுதியான ஹோம் ரன்களை அடித்தவர் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ரால்ஃப் கைனர். பந்தை மைதான வேலிக்கு அப்பால் அனுப்பும் அந்த அடியில் இத்தகைய தொடர்ச்சியை வேறெவரும் எட்டியதில்லை. இருந்தும் பேஸ்பால் எழுத்தாளர்கள் அவரைப் புகழ் மண்டபத்துக்குத் தேர்ந்தெடுத்தது, அவர் பெயர் வாக்கெடுப்பில் இடம்பெறக்கூடிய கடைசி ஆண்டான 1975இல்தான். அதுவும் 273 வாக்குகளுடன், தேவைக்கு ஒன்றே ஒன்று கூடுதலாக. இத்தயக்கத்தின் பெரும்பகுதி, அக்காலம் கைக்கொண்ட அளவுகோல்களின் குறையால் விளைந்தது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

அவ்வளவுகோல்களில் முதன்மையானது மட்டைச் சராசரி. மட்டையாளர் பந்தை அடித்துத் தளம் சேர்ந்த விகிதத்தை மட்டும் கணக்கிடும் இது, 'வாக்' எனப்படுவதை, அதாவது எல்லைக்கு வெளியே வீசப்படும் நான்கு பந்துகளை அடிக்காமல் விட்டு முதல் தளத்துக்குச் செல்லும் உரிமையை, அறவே விட்டுவிடுகிறது. கைனரின் வாழ்நாள் சராசரி .279 என்பதால் அவர் வலிமை மட்டுமே உடையவர் என்ற கருத்து பரவியது. ஆனால் 1951இல் அவர் பெற்ற 'வாக்'கள் 137. மூன்று முறை தவறவிட்டு ஆட்டமிழக்கும் ஸ்ட்ரைக் அவுட்டுகளோ 57 மட்டுமே. அவ்வாண்டு அவர் மட்டை பிடித்த நூறு முறைகளில் ஏறத்தாழ 45 முறை தளம் சேர்ந்தார். இப்பொறுமை உடன்பிறந்ததன்று. முதல் பருவமான 1946இல் 109 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனவர், மறு ஆண்டு அணியில் சேர்ந்த மூத்த ஆட்டக்காரர் ஹாங்க் கிரீன்பெர்க்கின் வழிகாட்டலில் அதை 81ஆகக் குறைத்துக்கொண்டார். ஹோம் ரன்களோ 23இலிருந்து 51ஆக உயர்ந்தன.

அந்த உயர்வுக்கு வேலியே காரணம் என்ற எதிர்வாதமும் உண்டு. கிரீன்பெர்க்குக்காக 1947இல் பைரேட்ஸின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தின் இடப்புற எல்லைக்கோட்டுத் தொலைவு 365 அடியிலிருந்து 335 அடியாகக் குறைக்கப்பட்டது. 'கிரீன்பெர்க் தோட்டம்' என்று அழைக்கப்பட்ட அப்பகுதி பின்னர் 'கைனர் மூலை' ஆயிற்று. வேலி அவருக்கு உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வேலி நகர்த்தப்படுவதற்கு முன்பே, 1946இல், அவர் ஹோம் ரன் பட்டியலில் முதலிடம் பெற்றிருந்தார். அதே மூலையை நோக்கி ஆண்டுதோறும் மட்டை வீசிய வருகையணி வீரர்களுக்கோ அந்தச் சலுகை இந்த அளவுக்குப் பயன்படவில்லை.

அணியின் தோல்விகளை அவர்மேல் ஏற்றியது இன்னும் வலுவற்ற வாதம். 1947இல் பைரேட்ஸ் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டபோதும் அவ்வணியின் வரலாற்றில் முதன்முறையாகப் பார்வையாளர் தொகை பத்து லட்சத்தைக் கடந்தது. கைனர் கடைசியாக மட்டை பிடித்து முடித்ததும் அரங்கம் காலியாகத் தொடங்கும் என்பது அந்நாளைய பேச்சு. 1952இல் அணி 112 ஆட்டங்களில் தோற்றது. பந்து வீசுவோரும் ஏனைய மட்டையாளர்களும் தளர்ந்துபோன அணியை, இடப்புறத்தில் நிற்கும் ஓர் அவுட்ஃபீல்டர் தனியே தூக்கி நிறுத்த முடியாது.

அவரிடம் உண்மையான குறைகளும் இருந்தன. ஓட்டத்தில் வேகமில்லை, பந்து தடுப்பதிலும் அவர் சாதாரணர். முதுகுவலியால் 1955இல், 32 வயதிலேயே, ஆட்டத்தை முடித்துக்கொண்டதால் மொத்த எண்ணிக்கை 369இல் நின்றது. ஆனால் அதையே விகிதமாகப் பார்த்தால் 14.1 அடிமுறைகளுக்கு ஒரு ஹோம் ரன். அதுவரை ஓய்வுபெற்றிருந்த பெரும் அடியாளர்களில் பேப் ரூத் மட்டுமே இதில் அவருக்கு முன்னே நின்றார்.

ஓட்டத்திலும் பந்து தடுப்பிலும் இருந்த குறைகளைச் சுட்டியே அணியின் பொது மேலாளர் பிராஞ்ச் ரிக்கி 1953 ஜூன் 4 அன்று, பத்து வீரர்கள் இடம்மாறிய ஒப்பந்தத்தில், ரொக்கமும் பெற்றுக்கொண்டு அவரைச் சிகாகோ கப்ஸுக்கு அனுப்பினார். சம்பளச் சுமையைக் குறைக்கும் எண்ணமும் அம்முடிவில் இருந்திருக்கலாம். ஏனெனில் மறு ஆண்டே, புள்ளியியலாளர் ஆலன் ராத்தின் துணையுடன் ரிக்கி 'லைஃப்' இதழில் வெளியிட்ட சூத்திரம், மட்டைச் சராசரியைப் பின்னுக்குத் தள்ளித் தளம் சேரும் விகிதத்துக்கும் கூடுதல் தளங்களைப் பெற்றுத்தரும் அடிவலிமைக்கும் முதன்மை அளித்தது; பந்து தடுப்புத் திறனுக்கு அதில் எம்மதிப்பும் தரப்படவில்லை. அதாவது, அது உயர்த்திப் பிடித்தவை கைனரின் பலங்களையே.