ஒரு ஒயர், எட்டுப் பெட்டி

பரோடாவில் நாங்கள் குடியிருக்கும் ஹவுசிங் சொசைட்டிக்கு 2018ல் பெயிண்ட் அடித்தார்கள். அடித்து முடித்த கையோடு செகரெட்டரி லிஃப்ட் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். மொட்டை மாடியிலிருந்து வெளிச்சுவர் வழியாக இனிமேல் ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு டிவி ஒயர்தான் இறங்கலாம். எங்கள் வீட்டுக்கு இறங்கியது மூன்று. ஹாலில் இருந்த ரெகார்டிங் பாக்ஸுக்கு இரண்டு, அம்மா ரூமுக்கு ஒன்று.

அப்பா போன பிறகு அம்மா மாயவரத்திலிருந்து எங்களோடு வந்துவிட்டார். குஜராத்தி தெரியாது, ஹிந்தியும் தெரியாது. நான் பேங்குக்கும், தங்கமணி வேலைக்கும், பசங்க ஸ்கூலுக்கும் கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரை அந்த வீட்டில் தமிழ் பேசுவது டிவி ஒன்றுதான். வெளியூரில் அம்மா அப்பாவை வைத்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்டார்: "ஏன்டா, நம்மூர்ல ஒரே ஒயர்லதானே தெருவுக்கே படம் வந்துது? இங்க ஒரு வீட்டுக்கு எதுக்கு மூணு?"

பி.காம். படித்தவனிடம் பதில் இல்லை. தேடித் தேடிப் படித்ததில் கொஞ்சம் சரித்திரம் கிடைத்தது. கொசுவத்தி சுத்தித்தான் ஆகணும்.

இந்தியாவில் சாட்டிலைட் டிவி முதலில் வந்தது கிராமத்துக்கு. 1975 ஆகஸ்ட் 1 முதல் ஒரு வருஷம், நாசாவின் ஏ.டி.எஸ்-6 சாட்டிலைட்டை வைத்து, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குப் படம் காட்டினார்கள். சைட் என்று பெயர். கோழி வலைக் கம்பியில் செய்த பத்தடி டிஷ். ஆர்தர் சி. கிளார்க்குக்கு கொழும்பு வீட்டில் ஒரு டிஷ்ஷை நம் இஸ்ரோ இன்ஜினியர்களே போய் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு டிஷ், ஒரு டிவி, ஒரு ஒயர். பிரச்சினையே இல்லை.

அடுத்தது நாம் எல்லோரும் பார்த்த காலம். 1991 வளைகுடாப் போர், சி.என்.என்., அதே வருஷம் ஏஷியாசாட்-1 வழியாக ஸ்டார் டிவி. 1992 அக்டோபரில் ஜீ, 1993 ஏப்ரல் 14ல் சன். மாயவரத்தில் எங்கள் தெருவுக்கு கேபிள் வந்தபோது நான் ஸ்கூல் பையன். கரண்ட் கம்பத்துக்குக் கம்பம் ஒரு கறுப்பு ஒயர் போகும். கேபிள்காரர் ரூமுக்குள் நுழைந்தால் ஏசி போட்ட ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், வரிசையாக ரிசீவர்கள். சூட்சுமம் அங்கேதான் இருந்தது. ஒவ்வொரு சேனலுக்கும் தனி ரிசீவர். வருகிற படத்தை மாடுலேட்டர் என்கிற பெட்டி ஆளுக்கொரு அலைவரிசையில் ஏற்றும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஒயரில் விட்டுவிடுவார். நம் டிவி எதையும் கேட்காது, வந்ததில் வேண்டியதைத் திருப்பிக்கொள்ளும். அதனால் எத்தனை வீடு வேண்டுமானாலும் அதே ஒயரில் தொற்றலாம். பக்கத்து வீட்டுக்காரர் நம் ஒயரிலிருந்து 'டேப்' அடித்த கதையெல்லாம் உங்களுக்கும் இருக்கும்.

அப்புறம் டி.டி.எச். 1997ல் மத்திய அரசு தடை போட்டது, 2000ல் அனுமதி தந்தது. 2003ல் டிஷ் டிவி, 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் ப்ளஸ், 2006ல் டாடா ஸ்கை, 2007 டிசம்பரில் சன் டைரக்ட். வெளி மாநிலத்தில் இருக்கும் நம்மாட்களுக்கு இது சின்ன விஷயமில்லை. தமிழ் சேனல் போடச் சொல்லி லோக்கல் கேபிள்காரரிடம் ஹிந்தியில் கெஞ்சும் வேலை முடிந்தது.

ஆனால் ஒயரின் குணம் மாறிவிட்டது. சாட்டிலைட்டிலிருந்து வரும் அலையில் இரண்டு ஜாதி. நின்றுகொண்டு வருவது ஒன்று, படுத்துக்கொண்டு வருவது ஒன்று. கே.யு. பேண்டில் 10.70 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரை எடுத்துக்கொண்டால் 2,050 மெகாஹெர்ட்ஸ் அகலம். இரண்டு ஜாதிக்கும் சேர்த்து 4,100. டிஷ் மூக்கில் இருக்கும் எல்.என்.பி. அதைக் குறைந்த அலைவரிசைக்கு இறக்கி ஒயரில் அனுப்புகிறது. ஒயரில் அதற்கு ஒதுக்கிய இடம் 950 முதல் 2,150 வரை, ஆக 1,200 மெகாஹெர்ட்ஸ்தான். பேலன்ஸ் டேலி ஆகாது. கால் பங்குதான் ஒரு நேரத்தில் இறங்கும்.

எந்தக் கால் பங்கு என்று பெட்டி மேலே கேட்க வேண்டும். 13 வோல்ட் அனுப்பினால் நிற்கிற அலை, 18 வோல்ட் என்றால் படுத்த அலை. கூடவே 22 கிலோஹெர்ட்ஸ் சத்தம் கொடுத்தால் மேல் பாதி, கொடுக்காவிட்டால் கீழ் பாதி. ஆக ஒயர் என்பது இப்போது ஒரு பெட்டிக்கும் எல்.என்.பி.க்கும் நடக்கும் தனிப்பேச்சு. மூன்றாவது ஆள் நுழைந்தால் குழப்பம்தான்.

இது தெரியாமல் நான் அதற்கு முன்பே ஒரு தடவை புத்திசாலித்தனம் செய்திருக்கிறேன். கடையில் நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு ஸ்பிளிட்டர் வாங்கி அம்மா டிவியையும் ஹால் டிவியையும் ஒரே ஒயரில் மாட்டினேன். பையன் கார்ட்டூன் வைத்தால் அம்மாவின் சீரியல் நின்றுவிடும். ஒரு பெட்டி 13 கேட்க, இன்னொன்று 18 கேட்க, பெரிய வோல்ட் ஜெயித்துவிடுகிறது! அம்மா ஒரு வாரம் எதுவும் சொல்லவில்லை. டிவி ரிப்பேர், ஊரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

அடுக்குமாடிக்கு முதலில் வந்த மருந்து மல்டி ஸ்விட்ச். நாலு கால் பங்கையும் நாலு ஒயரில் மாடியிலேயே ஒரு பெட்டிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஆளுக்கு ஒரு ஒயர். டிஷ் எண்ணிக்கை குறையும், பெட்டிக்கு ஒரு ஒயர் என்ற கணக்கு மாறாது.

நிஜமான தீர்வு ஐரோப்பாவில் வந்தது. அங்கே பழைய கட்டடங்களில் மாடிக்கு மாடி தொட்டுக்கொண்டு போகும் ஒரே ஒயர்தான், சுவரை உடைக்கவும் முடியாது. 2007ல் இ.என். 50494 என்று ஒரு தரம் வகுத்தார்கள். யூனிகேபிள் என்பது பழகிய பெயர். ஒரே ஒயரில் எட்டு இடம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நிரந்தர இடம். எங்கள் பிராஞ்ச் கவுண்டர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நம்பர் கவுண்டர் ஒரு ஃபைல் கேட்டால், ரெக்கார்ட் ரூமிலிருந்து அது மூன்றாம் கவுண்டருக்கே வரும். பெட்டி ஒரு நொடிக்கும் குறைவாக 18 வோல்ட்டுக்கு ஏறி, வேண்டியதைச் சொல்லிவிட்டு, மறுபடி 13க்கு இறங்கிவிடும். அப்போதுதான் அடுத்தவர் பேச முடியும். இரண்டு பேர் ஒரே நம்பரை வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் படம் போச்சு. 2013ல் வந்த இ.என். 50607 இந்த எட்டை 32 ஆக்கியது. அமெரிக்காவில் டைரக்டிவியும் இதே யோசனையை வேறு பெயரில் செய்தது.

யோசித்துப் பார்த்தால் இது எங்கள் தெரு கேபிள்காரர் செய்ததுதான். ஆளுக்கொரு அலைவரிசை, எல்லாம் ஒரே ஒயரில். அவர் ஏசி ரூம் நிறைய வைத்திருந்த சாமான் எல்.என்.பி.க்குள் ஒரு சில்லுக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். அம்மா கேட்ட கேள்வி சரியான கேள்வி.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். எல்.என்.பி., பெட்டி இரண்டுக்கும் அந்த பாஷை தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பெட்டிகளுக்குத் தெரியாது. செகரெட்டரியிடம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பேசிப் பார்த்தேன், "ரூல் தோ ரூல் ஹை, மேனேஜர் சாப்" என்றார். ரெகார்டிங் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்தோம். மிஞ்சிய ஒரு ஒயர் அம்மா ரூமுக்குப் போனது. பசங்க மொபைலுக்குப் போய்விட்டார்கள்.

தங்கமணி சீரியல் பார்ப்பதும் இப்போது அம்மா ரூமில்தான். ஒன்பது மணிக்கு சேனல் தகராறு வரும். அம்மா ரிமோட்டை நீட்டி "நீயே பாரும்மா" என்பார். ஒன்பதரைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வார்.