ஒயர் போய் ஆயில் வந்த கதை

ஆஸ்திரியாவில் ஐசனெர்ட்ஸ் என்ற ஊருக்கு மேலே, ராட்சதப் படிக்கட்டு போல வெட்டப்பட்ட ஓர் இரும்புச் சுரங்க மலை இருக்கிறது. 1995 முதல் அங்கே எர்ட்ஸ்பெர்க் ரோடியோ நடக்கிறது. அதன் கடைசிப் பந்தயத்தில் கிளம்புவது ஐந்நூறு பைக்குகள். கெடு நான்கு மணி நேரம். பெரும்பாலானவர்கள் பாதி மலையிலேயே நின்றுவிடுவார்கள். 2015-இல் முன்னணியில் இருந்த நால்வரும், ஜானி வாக்கர், கிரஹாம் ஜார்விஸ், ஆல்ஃபிரடோ கோமெஸ், ஆண்ட்ரியாஸ் லெட்டன்பிக்லர், ‘டவுன்டவுன்’ என்ற காட்டுச் சரிவில் மாட்டிக்கொண்டார்கள். போட்டியை ஓரம் வைத்துவிட்டு, ஒருவர் பைக்கை மற்றவர் இழுத்து மேலேற்றினார்கள். நால்வருமே வெற்றியாளர்கள் என்று அறிவிக்கப்பட்டது.

அப்படிப்பட்ட மலையில் ஆக்சிலேட்டரைவிட அதிகம் உழைப்பது இடக்கையின் ஆள்காட்டி விரல். கிளட்ச் லீவரை முழுதாகப் பிடிக்காமல், முழுதாக விடாமல், ‘ஹாஃப் கிளட்ச்’சிலேயே மணிக்கணக்கில் ஏற வேண்டும். ஒற்றை விரல் அதைத் தாங்குகிறது என்றால், லீவருக்கும் கிளட்சுக்கும் நடுவே இன்று ஒயர் இல்லை, எண்ணெய் இருக்கிறது என்பது முக்கியமான காரணம்.

ஒயரை இளக்காரமாகப் பேசிவிடவும் முடியாது. சுருள் உறைக்குள் எஃகுக் கம்பி வழுக்கிச் செல்லும் அந்த ஏற்பாட்டுக்கு எர்னஸ்ட் மோனிங்டன் பௌடன் 1896-இல் காப்புரிமை பெற்றார். விலை குறைவு, எடை குறைவு, எந்த வளைவிலும் வளைந்து போகும். 1913-இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் தொடங்கிய ‘ஆறு நாள்’ பந்தயத்தில், வழியில் வண்டி பழுதானால் ஓட்டுபவரேதான் சரிசெய்துகொள்ள வேண்டும். அதனால் அனுபவசாலிகள் பூட்டிய ஒயருக்குப் பக்கத்திலேயே இன்னொன்றையும் முன்கூட்டி ஓடவிட்டு, டேப் சுற்றி வைத்திருப்பார்கள். ஒன்று அறுந்தால் மற்றதை மாட்டிக்கொண்டு நேரம் தவறாமல் போய்விடலாம்.

அறுவதைவிடப் பெரிய தொல்லை சேறு. உறைக்குள் அது புகுந்தால் லீவர் கல்லாகிவிடும். ஓட்டுபவரின் முன்கை இறுகிப்போகும். அடுத்தது சூடு. ஹாஃப் கிளட்ச்சில் உரசி உரசிக் கிளட்ச் பிளேட்டுகள் சூடேறி விரிந்தால், லீவர் பிடிக்கும் இடமே மாறும். ஓட்டிக்கொண்டே இடக்கையால் அட்ஜஸ்டரைத் திருகுவது மோட்டோகிராஸ்காரர்களுக்குப் பழகிப்போன வேலை.

இதற்கு மாற்று வெகு காலமாகக் கண்ணெதிரே இருந்தது. மூடிய திரவத்தின் ஒரு முனையில் கொடுத்த அழுத்தம் குறையாமல் மறுமுனைக்கும் போகும் என்று பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். 1921-இல் டூசன்பர்க் காரின் நான்கு சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக் பிரேக் வந்தது. 1980-களில் ஹோண்டாவின் வி.எஃப்.750, கவாசாகியின் ஜி.பி.இசட்.900ஆர் போன்ற பெரிய சாலை பைக்குகளில் கிளட்சும் ஹைட்ராலிக் ஆனது. மண்ணில் ஓடுகிற வண்டிகள்தான் காத்திருந்தன.

அந்தக் காத்திருப்பை முடித்த பெயர்களில் ஒன்று மகுரா. ஜெர்மனியின் உராக் ஊரில் 1893-இல் தொடங்கிய நிறுவனம் அது; மாகன்விர்ட், குஸ்டாவ், உராக் ஆகிய மூன்று சொற்களிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்த்த பெயர். மகுராவின் ஹைட்ராலிக் கிளட்சை 1990-களின் இறுதியில் தன் சேற்று பைக்குகளில் பொருத்தியது ஆஸ்திரியாவின் கே.டி.எம். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் திவாலாகி மீண்ட நிறுவனம் அப்படியொரு சோதனையில் இறங்கியதைத் துணிச்சல் என்றுதான் சொல்ல வேண்டும். (நம் சாலைகளில் உறுமும் கே.டி.எம். ட்யூக்கைப் பார்த்துவிட்டு ஆயிலைத் தேட வேண்டாம்; அதில் இருப்பது ஒயர்தான்.)

புதிய கிளட்ச் தன்னைத்தானே சரிசெய்துகொண்டது. பிளேட்டு விரிந்து புஷ்ராடைத் தள்ளினால், கூடுதல் எண்ணெய் லீவர் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரில் உள்ள ஒரு நுண்துளை வழியே மேல்கிண்ணத்துக்குத் திரும்பிவிடும். அட்ஜஸ்டரைத் திருகும் வேலை மிச்சம். ஆனால் மெக்கானிக்குக்கு வேறு வேலை வந்து சேர்ந்தது. அறுந்த ஒயர் கண்ணுக்குத் தெரியும். எண்ணெய்க்குள் புகுந்த காற்று தெரியாது. லீவர் பஞ்சுபோல் ஹேண்டில்பார் வரை வந்து ஒட்டும், கியர் விழாது, வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இருக்காது. காற்று மேல்நோக்கித்தான் போகும் என்பதால், கீழே எஞ்சின் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரில் சிரிஞ்சைச் செருகி எண்ணெயை மேலே தள்ளி ஏர் எடுக்கும் முறை பட்டறைகளில் நிலைத்தது. லீவரை இறுக்கிக் கட்டி இரவு முழுக்க விட்டுவைக்கும் கைவைத்தியமும் உண்டு.

பிரேக்கில் தேர்ந்த கையையும் ஏமாற்றியது இன்னொன்று. பிரேக் பேட் தேய்ந்தால் கிண்ணத்தில் மட்டம் இறங்கும். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் மட்டம் ஏறும். இது தெரியாமல் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பிவிட்டால், திரும்பிவரும் எண்ணெய்க்கு இடமில்லாமல் போய், கிளட்ச் தானே லேசாகப் பிடிபட்டு ஸ்லிப் ஆகும். நுண்துளையில் அழுக்கு அடைத்தாலும் இதே கதிதான். நல்ல பிளேட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டும் தீராத ஸ்லிப்பை இங்கேதான் தேட வேண்டும்.

இந்தச் சங்கடங்களைப் பார்த்தால், ஒயரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பான்காரர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கவாசாகியின் மோட்டோகிராஸ் பைக்கான கே.எக்ஸ்.450 ஹைட்ராலிக்குக்கு மாறியது 2019 மாடலில், ஹோண்டா சி.ஆர்.எஃப்.450ஆர் மாறியது 2021-இல். கே.டி.எம்-க்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்னால். அதற்குள் 2001 முதல் 2019 வரை நடந்த டக்கார் பந்தயங்கள் அத்தனையிலும் பைக் பிரிவில் வென்றது கே.டி.எம். கிளட்ச் ஒன்றாலேயே வென்றது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் தோற்கவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

மிச்சமிருப்பது எதை ஊற்றுவது என்ற தகராறு. மகுரா கிளட்ச் கேட்பது மினரல் ஆயில். பிரெம்போ கிளட்ச் வந்த கே.டி.எம். வண்டிகள் பலவற்றுக்குத் தேவைப்பட்டது டாட் 4 வகைப் பிரேக் திரவம். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸைத் தாங்க வேண்டிய டாட் 4-இன் கொதிநிலை, ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். மினரல் ஆயில் ஈரத்தை இழுக்காது. ஒன்றுக்கான ரப்பர் சீலில் மற்றது பட்டால் சீல் ஊதிக் கெட்டுவிடும். நம் ஊர்ப் பட்டறைகளில் பிரேக் திரவத்துக்கும் ‘பிரேக் ஆயில்’ என்றே பெயர் இருப்பது குழப்பத்தைக் கூட்டுகிறது. பழைய ஹைட்ராலிக் கிளட்ச் வண்டி ஏதாவது கைக்கு வந்தால், புட்டியைத் திறக்கும் முன் கிண்ணத்து மூடியில் பொறித்திருப்பதை ஒருமுறை படித்துவிடுங்கள்.