இரண்டாவது பிரதி

1835-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள் இரவு, லண்டன் நகரில் செல்ஸீ பகுதியில் உள்ள ஒரு வீட்டுக் கதவை ஜான் ஸ்டூவர்ட் மில் தட்டினார். மில் பெரிய அறிஞர்; எளிதில் நிதானம் இழக்காதவர். ஆனால் அன்றைக்கு அவர் முகம் பேயறைந்தது போல் வெளுத்திருந்தது. அது தாமஸ் கார்லைல் என்னும் ஆசிரியரின் வீடு.

கார்லைல் அப்போது பிரெஞ்சுப் புரட்சியின் சரித்திரத்தை எழுதி வந்தார். முதல் பாகத்தை முடித்து, படித்துப் பார்த்து அபிப்பிராயம் சொல்லும்படி நண்பர் மில்லிடம் கொடுத்திருந்தார். அந்தக் கையெழுத்துப் பிரதியை வேண்டாத காகிதம் என்று நினைத்து யாரோ நெருப்பில் போட்டுவிட்டார்கள் என்ற செய்தியைத்தான் மில் கொண்டு வந்திருந்தார். வேறு பிரதி கிடையாது. எழுதி முடித்த பகுதியின் குறிப்புகளைக்கூடக் கார்லைல் வைத்துக்கொள்ளவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்று வெகு நேரம் வரையில் கார்லைலும் அவர் மனைவியும்தான் மில்லுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது! பிறகு மில் இருநூறு பவுன் நஷ்ட ஈடு கொடுக்க முன்வந்தார். கார்லைல் நூறு பவுன் மட்டும் பெற்றுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு முதல் பாகத்தை மறுபடியும் எழுதினார். 1837-இல் புத்தகம் வெளிவந்து அவருக்குப் பெரும் புகழைத் தேடித் தந்தது.

கார்லைலின் மன உறுதியை எல்லாரும் மெச்சுவார்கள். மெச்ச வேண்டியதுதான். ஆனால் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப் பத்து நாள் இருக்கும்போது, லேப்டாப் உயிரை விட்டுவிட்டால் மாணவன் என்ன செய்வான்? அவனிடம் போய்க் கார்லைலின் மன உறுதியைப் பற்றி உபதேசம் செய்வதில் பயன் உண்டா? அவனுக்கு வேண்டியது உபதேசம் அல்ல, இரண்டாவது பிரதி.

இந்த இரண்டாவது பிரதியின் அருமையை நம் முன்னோர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அறியாமல் அவர்களுக்கு விமோசனம் இல்லை. பனை ஓலை எவ்வளவு பக்குவமாக வைத்திருந்தாலும் என்றைக்கோ ஒரு நாள் ஒடியத்தான் போகிறது. பூச்சி அரிக்கும், கறையான் தின்னும், மழைக்காலத்து ஈரம் இருக்கவே இருக்கிறது. ஆகவே பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதுவது, வீட்டுக்குக் கூரை மாற்றுவதைப் போல், தலைமுறைதோறும் செய்து தீர வேண்டிய வேலையாயிருந்தது. மாணவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அச்சுப் புத்தகம் பரவாத காலத்தில், ஆசிரியரிடம் பாடம் கேட்கிறவன் படிக்க வேண்டிய நூலைத் தானே ஏட்டில் எழுதிக்கொண்டான். அவன் படிப்புக்குப் படிப்பும் ஆயிற்று. நூலுக்கு ஒரு பிரதியும் ஆயிற்று.

எழுத்தாணி பிடித்துக் கை நோக எழுதியதில் தவறுகளும் நேர்ந்தன. "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்" என்று பழமொழியே ஏற்பட்டுவிட்டது. ஆனாலும் கெட்டுப்போன பிரதி, பிரதியே இல்லாமற் போவதைவிட எவ்வளவோ மேல். டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தபோது, ஊர் ஊராகத் தேடிப் பிடித்த பல பிரதிகளை ஒப்பிட்டுத்தான் பாடத்தை நிச்சயம் செய்தார். ஒன்றில் சிதைந்திருந்த இடம் மற்றொன்றில் முழுமையாக இருந்தது. எல்லாப் பிரதிகளும் ஒரே மடத்தில், ஒரே பரணில் இருந்து, அந்தப் பரணில் தீப்பிடித்திருந்தால்? வளையாபதியும் குண்டலகேசியும் போன வழியே சிந்தாமணியும் போயிருக்கும். அந்த இரண்டு காவியங்களிலும் இன்று நமக்கு மிஞ்சியிருப்பவை, பிறர் எடுத்தாண்ட சில பாட்டுக்களே அல்லவா?

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளைத் தேடிப் போன ஐயரவர்கள், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டு மனம் பதறியதைத் தம் சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். செய்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பழைய ஏட்டைப் பக்தியோடு அனுப்பி வைப்பதற்கு அது ஒரு முறை. புதிய பிரதி எடுத்த பின் அப்படிச் செய்தால் பாதகமில்லை. எடுக்காமல் செய்ததில்தான் விபரீதம்.

கெட்ட எண்ணத்தோடு வைத்த தீயையும் நாம் பார்த்துவிட்டோம். 1981-ஆம் ஆண்டு மே மாதக் கடைசி நாளும் ஜூன் முதல் தேதியும் சந்தித்த இரவில் யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்கு நெருப்பு வைத்தார்கள். சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அச்சான புத்தகத்தை வேறெங்கிருந்தாவது வாங்கிவிடலாம். வேறு எங்கும் பிரதி இல்லாத ஏட்டை எந்த நாட்டில் போய் வாங்குவது? கட்டடத்தைப் பின்னர் புதுப்பித்தார்கள். ஏடுகளைப் புதுப்பிக்க முடியவில்லை.

பிரதி இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. அதற்கு ஒரு நாவலாசிரியரின் கதையே சாட்சி. 1922-ஆம் ஆண்டு டிசம்பரில் எர்னெஸ்ட் ஹெமிங்வே பத்திரிகை நிருபராக ஸ்விட்ஸர்லாந்தில் லோஸான் நகரில் இருந்தார். பாரிஸிலிருந்து அவரைப் பார்க்கப் புறப்பட்ட மனைவி ஹாட்லி, கணவர் அங்கேயும் எழுதட்டும் என்ற அன்பினால், வீட்டிலிருந்த கதைகளையெல்லாம் ஒரு பெட்டியில் அடுக்கினாள். கார்பன் பிரதிகளையும் மறக்காமல் அதே பெட்டியில் வைத்தாள். பாரிஸ் ரயில் நிலையத்தில் பெட்டி களவு போயிற்று. மூலமும் போயிற்று; நகலும் போயிற்று. அந்தப் பெட்டி கடைசி வரையில் அகப்படவே இல்லை.

தப்பிப் பிழைத்தவை எவை என்று பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஒரு கதை பத்திரிகை ஆசிரியரின் பார்வைக்குப் போயிருந்தது, அதனால் பிழைத்தது. இன்னொன்றை, "இது பிரசுரத்துக்கு லாயக்கில்லை" என்ற கருத்தில் ஒரு பெரிய எழுத்தாளர் ஒதுக்கியிருந்தார், ஆகவே அது மேஜை அறையில் ஒரு மூலையில் கிடந்தது, அதுவும் பிழைத்தது. வீட்டை விட்டு வெளியே போனதும், வேறோர் இடத்தில் கிடந்ததுமே மிஞ்சின. பத்திரமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் பறிபோயிற்று. பிரதி எத்தனை என்பதோடு, எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இனிக் கம்ப்யூட்டர் காலத்துக்கு வருவோம். 1971-இல் ஐ.பி.எம். நிறுவனம் ஃப்ளாப்பி என்னும் வளையும் தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு அது சிறுத்துச் சிறுத்துச் சட்டைப் பையில் அடங்கும் மூன்றரை அங்குலத் தட்டாயிற்று. அதன் கொள்ளளவு 1.44 மெகாபைட். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூடப் பெரும்பாலும் அதில் அடங்காது! பிறகு குறுந்தட்டு வந்தது. 2000-இல் பென் டிரைவ் வந்தது. அதன் பிறகு இணையத்தின் வழியே எங்கேயோ உள்ள கம்ப்யூட்டரில் சேமிக்கும் 'கிளவுட்' வந்தது. ஏட்டை எழுதியவர் தவறினார். இயந்திரம் பெரும்பாலும் தவறுவதில்லை. மாதக்கணக்கில் எழுத வேண்டியிருந்த நூலை ஒரு நொடியில் பிரதி எடுத்துவிடுகிறது. இவ்வளவு எளிதாகிவிட்டதனால்தானோ என்னவோ, "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பலரும் இருந்துவிடுகிறார்கள்.

தெரிந்தவர்களும் இதற்கு விலக்கல்ல. 1998-இல் அமெரிக்காவில் பிக்ஸார் நிறுவனத்தார் 'டாய் ஸ்டோரி 2' என்னும் படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரே தொழிலாக உடையவர்கள். யாரோ தவறான கட்டளை ஒன்றைக் கொடுத்துவிட, படத்தின் பாத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் முன்னாலேயே மறையத் தொடங்கின. சரி, பிரதி இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தால், அந்தப் பிரதி எடுக்கும் ஏற்பாடு சில வாரங்களாகவே சரியாக வேலை செய்யவில்லை! அதை யாரும் திறந்து பார்த்திருக்கவில்லை. அந்தச் சமயத்தில் காலின் ஸஸ்மன் என்ற பெண்மணிக்கு ஞாபகம் வந்தது. கைக்குழந்தைக்காக அவர் வீட்டிலிருந்தே வேலை செய்து வந்தார். அதற்காக அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் படத்தின் பிரதி ஒன்று இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றிக் காரில் வைத்து, பிரசவித்த பெண்ணை அழைத்து வருவது போல் மெல்ல ஓட்டி வந்தார்கள். படம் பிழைத்தது.

இத்தனை கதைகளிலிருந்தும் தேறுகிற நியாயம் சுருக்கமானது. பீட்டர் க்ரோக் என்னும் அமெரிக்கப் புகைப்படக்காரர் அதை மூன்று, இரண்டு, ஒன்று என்று கணக்காகவே சொல்லிப் பரப்பினார். மொத்தம் மூன்று பிரதி. இரண்டு விதமான சாதனங்கள். அவற்றில் ஒரு பிரதியாவது வேறு இடத்தில். ஏட்டுக் காலத்து மனிதருக்கும் இந்தக் கணக்கு விளங்கியிருக்கும்.

மாணவர்களுக்கு இதை எளிதாக்குவது எப்படி? தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தினால், வீட்டில் அதுவரை கம்ப்யூட்டரைக் கண்டிராத பிள்ளைகள் பல லட்சம் பேர் அதைக் கையில் பெற்றார்கள். பெட்டி கையில் வந்தது. பெட்டி கெட்டால் என்ன செய்வது என்ற பாடம் எல்லாருக்கும் வந்ததா? பாடங்கள், செய்முறைக் குறிப்புகள், ஆய்வேடு எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வைக்கட்டும். அது லேப்டாப்பில் இருக்கும் முதல் பிரதி. அந்தக் கோப்புறையைத் தானாகவே கிளவுடுக்கு அனுப்பும்படி ஒரு முறை ஏற்பாடு செய்துவிட்டால் அது இரண்டாவது. ஓரளவு இடம் இலவசமாகவே கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்கிலோ நகல் எடுத்தால் அது மூன்றாவது. விடுதியில் இருக்கிறவன் ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்படி ஒன்றைத் தாயாரின் பீரோவில் வைத்துவிட்டு வரலாம். பென் டிரைவை லேப்டாப் பையிலேயே போட்டு வைக்கிறவன் ஹாட்லி அம்மையாரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கிளவுட் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை வேலை எதற்கு என்று கேட்கலாம். தானாக இயங்கும் ஏற்பாட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். சொன்னபடி செய்கிற வேலைக்காரன் மாதிரி. அழித்ததைச் சில நாள் குப்பைத் தொட்டியில் வைத்திருப்பார்கள். அந்தக் கெடுவுக்குள் நாம் கவனித்தால்தான் உண்டு. தனியே கழற்றி வைத்த ஹார்டு டிஸ்குக்கு நம் தவறு எட்டாது. மாதம் ஒரு முறை பிரதியைத் திறந்து, ஒரு பக்கத்தையாவது படித்துப் பார்ப்பதும் அவசியம். பிக்ஸார்க்காரர்கள் அதைத்தான் செய்யத் தவறினார்கள்.

இதைவிடச் சாமர்த்தியமான முறைகள் பல உண்டு. ஆனால் பரீட்சைக் காலத்தில், இரவு இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தோடு இருக்கும் பிள்ளை எதைச் செய்வானோ அதுதான் அவனுக்கு நல்ல முறை. பன்னிரண்டு படி ஏற வேண்டிய முறையை முதல் வாரம் செய்வான். மூன்றாவது வாரம் மறந்துவிடுவான்.

தம்பியோ தங்கையோ, பிள்ளையோ பெண்ணோ, வீட்டில் கல்லூரிக்குப் போகிறவர்கள் இருந்தால் இன்றிரவு சாப்பாட்டு வேளையில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "உன் லேப்டாப் இந்த நிமிஷம் கிணற்றில் விழுந்துவிட்டால், நீ எழுதினதெல்லாம் வேறு எங்கே இருக்கிறது?" பதில் உடனே வந்தால் சந்தோஷம். பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டு மௌனமாக இருந்தால், கை கழுவியதும் முதல் வேலையாக ஒரு பிரதி எடுக்கச் சொல்லுங்கள்.