மார்செய்த் துறைமுகமும் ஹேக் தீர்ப்பும்

ஒரு நாட்டில் குற்றம் சாட்டப்பட்டு வேறொரு நாட்டில் அடைக்கலம் புகுந்தவரை, இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி முறையாக விசாரித்துத் திருப்பி அனுப்புவதே சட்டத்தில் 'ஒப்படைப்பு' எனப்படுகிறது. பழைய முடியரசுகள் தமக்குள் பிடித்துக் கொடுப்பதில் பெரிதும் நாட்டம் காட்டியது அரசத் துரோகம் சுமத்தப்பட்டவர்களைத்தான். அரசியல் குற்றத்துக்காக எவரையும் ஒப்படைக்கலாகாது என்று 1833இல் பெல்ஜியம் இயற்றிய சட்டம் அம்மரபைத் தலைகீழாக்கியது. மறு ஆண்டே பிரான்ஸ் பெல்ஜியத்துடன் செய்த உடன்படிக்கையில் இவ்விலக்கை ஏற்றது. பிரிட்டன் 1870ஆம் ஆண்டின் ஒப்படைப்புச் சட்டத்தில் ஏற்றது.

ஆயினும் பிரிட்டன் அந்த விலக்கை அயல்நாடுகளோடு நிறுத்திக்கொண்டது. பேரரசின் ஒரு பகுதியில் குற்றம் சாட்டப்பட்டு மற்றொரு பகுதிக்குத் தப்பியோடியவர்களுக்கென 1881இல் இயற்றப்பட்ட தனிச் சட்டத்தில் அரசியல் குற்றம் என்ற தடையே இல்லை. அயலான் ஒருவனுக்கு லண்டனில் கிடைத்த பாதுகாப்பு பேரரசின் குடியான இந்தியனுக்கு அங்கே கிடைக்கவில்லை என்பது அக்காலச் சட்டத்தின் பெருங்குறை.

1910 மார்ச்சில் லண்டனில் கைதான விநாயக் தாமோதர் சாவர்க்கர், அரசருக்கு எதிராகப் போர் தொடுக்க முனைந்தார், ஆயுதம் அனுப்பினார், நாசிக் ஆட்சியர் ஜாக்சனின் கொலைக்கு உடந்தையாக இருந்தார் என்ற குற்றச்சாட்டுகளின் பேரில், இந்த 1881ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே பம்பாய்க்கு அனுப்பப்பட்டார். அவரை ஏற்றிச் சென்ற மோரியா என்ற கப்பல் மார்செய்த் துறைமுகத்தில் நின்றபோது, ஜூலை 8ஆம் நாள் காலை, அவர் கப்பலின் சாளரம் வழியே குதித்து நீந்திக் கரையேறி ஓடினார். அவரைப் பிடித்த பிரெஞ்சுக் காவலர், எந்த விசாரணையும் இன்றிக் கப்பலுக்கே திருப்பிக் கொண்டுபோய் விட்டார்.

பிரெஞ்சு மண்ணில் கால் வைத்த அந்தச் சில நிமிடங்களில் சாவர்க்கரைக் கட்டுப்படுத்தும் சட்டமே மாறிவிட்டது என்பதில்தான் வழக்கின் உயிர்நாடி இருக்கிறது. கொலைக்கு உடந்தை என்ற குற்றச்சாட்டும் இருந்தமையால் பிரான்ஸ் இறுதியில் அவரை ஒப்படைத்திருக்கவும் கூடும். ஆனால் அதை முடிவு செய்யும் உரிமை பிரெஞ்சு அரசுக்கு உரியதே தவிரத் துறைமுகக் காவலருக்கு உரியதன்று. மார்க்ஸின் பேரனான ழான் லோங்கே உள்ளிட்ட பிரெஞ்சுச் சோசலிஸ்டுகள் கண்டனக் குரல் எழுப்ப, பிரான்ஸ் அவரைத் திருப்பித் தருமாறு கோரியது. இரு அரசுகளும் 1910 அக்டோபரில் அவ்வழக்கை ஹேக் நகரின் நிரந்தர நடுவர் மன்றத்தின் முன் வைக்க உடன்பட்டன.

பெல்ஜியத்தின் முன்னாள் பிரதமர் பெர்னார்ட் தலைமையில் அமர்ந்த ஐவர் குழு 1911 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு வழங்கியது. கைதியைப் பிடித்துக் கொடுத்ததில் முறைகேடு நிகழ்ந்தது என்பதை அது ஒப்புக்கொண்டது. எனினும் பிரிட்டன் வஞ்சகமோ வன்முறையோ செய்யவில்லை என்றும், அயல்நாட்டு அலுவலர் செய்த பிழைக்காகத் தன் கைக்கு வந்த கைதியைத் திருப்பித் தர வேண்டும் என்று பன்னாட்டுச் சட்டத்தில் விதி எதுவும் இல்லை என்றும் கூறியது. முறைகேட்டை ஏற்றுக்கொண்டு அதன் பயனையும் அப்படியே நிலைக்கவிட்ட அத்தீர்ப்பு அரசுகளின் வசதியைக் காத்ததேயன்றி நீதியைக் காக்கவில்லை. வழக்காடியவை இரு அரசுகள். எவரது விடுதலை பற்றிய வழக்கோ அவர் அதில் ஒரு தரப்பாகவே இல்லை. பம்பாய்த் தனி நீதிமன்றமோ தீர்ப்புக்குக் காத்திராமல், 1911 ஜனவரி முடிவதற்குள் அவருக்கு இரு ஆயுள் தண்டனைகளை விதித்து முடித்திருந்தது.

எல்லைக்கோட்டின் இதே வலிமையைத் தமிழ்நாடு தன் கரையிலேயே கண்டது. லண்டனில் சாவர்க்கரின் தோழராயிருந்த வ.வே.சு. ஐயர் அதே 1910இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்து, 1908 முதல் அங்கிருந்த பாரதியோடும் 1910 ஏப்ரலில் வந்த அரவிந்தரோடும் சேர்ந்துகொண்டார். ஒற்றர்களை ஏவிக் கண்காணிக்க முடிந்ததேயன்றி, அவர்களைக் கைப்பற்றிச் செல்ல பிரிட்டிஷ் இந்திய அரசால் இயலவில்லை. 1918 நவம்பரில் எல்லை கடந்த பாரதி கடலூர் அருகே உடனே கைதானார்.

1881ஆம் ஆண்டுச் சட்டம் விடுதலைக்குப் பின்னும் இந்தியச் சட்ட ஏட்டில் நீடித்தது. சிங்கப்பூரில் குற்றம் சாட்டப்பட்டுச் சென்னையில் கைதான ஒருவரின் வழக்கில், குடியரசாகிவிட்ட இந்தியாவில் அச்சட்டத்தைச் செயல்படுத்த இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. அதனிடத்தில் வந்த 1962ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டம் காமன்வெல்த் நாடுகளுக்குத் தனி அத்தியாயம் வகுத்தாலும், அரசியல் தன்மையுள்ள குற்றத்துக்காக ஒப்படைக்கலாகாது என்ற தடையை 31ஆம் பிரிவில் எல்லா நாடுகளுக்கும் பொதுவாக்கியது.