லைவ் ஓடுது, ஆனா சத்தம் வரல! செல்போன் நேரலையில் மைக் சரியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது எப்படி?

"படம் பளிச்சுன்னு தெரியுது, சவுண்ட் மட்டும் வரலையே..."

கல்யாண மண்டபத்திலிருந்தோ கோயில் கும்பாபிஷேகத்திலிருந்தோ செல்போனில் லைவ் போடுபவர்கள் அடிக்கடி சந்திக்கும் கமென்ட் இது. சிங்கப்பூரிலும் துபாயிலும் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள் மாற்றி மாற்றி டைப் செய்துகொண்டே இருப்பார்கள். லைவ் போடுபவரின் கண்ணோ மேடை மேல் இருக்கும். கமென்ட்டை அவர் கவனிக்கும்போது தாலி கட்டி முடிந்திருக்கும். அதை இன்னொரு முறை எடுக்க முடியாது.

படம் மங்கினால், ஆடினால், திரையிலேயே தெரிந்துவிடும். சத்தம் போனால் போன் எதுவும் சொல்லாது. டிவி சேனல் கேமராமேன்கள் ஹெட்போனைக் கழற்றாமல் வேலை பார்ப்பது இதனால்தான். அதே வேலையை செல்போனில் செய்ய முடியுமா? முடியும். ஆனால் கொஞ்சம் சிக்கல் இருக்கிறது.

போனே ஏன் சத்தத்தைக் கேட்க விடுவதில்லை?

மைக் செட் போட்ட இடங்களில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் 'கூஊ' என்று ஒரு கூவல் கிளம்பும். ஸ்பீக்கரில் வரும் சத்தத்தை மைக் மறுபடி பிடித்து, அது மறுபடி ஸ்பீக்கருக்குப் போய், சுற்றிச் சுற்றி வளர்வதால் வரும் கூவல் அது. செல்போனில் மைக்கும் ஸ்பீக்கரும் ஒரு ஜாணுக்குள் இருக்கின்றன. லைவ் போகும்போது மைக் சத்தத்தை ஸ்பீக்கரில் விட்டால் அதே கதிதான். அதனால் பெரும்பாலான லைவ் ஆப்கள் அந்தச் சத்தத்தை வெளியே விடுவதே இல்லை. ஹெட்போன் மாட்டியிருந்தாலும் பல ஆப்களில் இதே நிலைதான்.

திரையில் ஆடும் பச்சைக் கோடு போதுமா?

லாரிக்ஸ் பிராட்காஸ்டர் போன்ற சில ஆப்களில் சத்தத்தின் அளவைக் காட்டும் மீட்டர் திரையில் ஓடும். பேசினால் கோடு ஏறும், நிறுத்தினால் இறங்கும். ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். 0 டெசிபல் என்பது டிஜிட்டல் சத்தத்தின் உச்சவரம்பு. அதைத் தொட்டால் சத்தம் உடைந்து கரகரக்கும். பேச்சின் உச்சம் மைனஸ் 12-லிருந்து மைனஸ் 6-க்குள் ஆடினால் நிம்மதியாக இருக்கலாம்.

ஆனால் மீட்டர் ஆடுவதால் ஏதோ ஒரு சத்தம் உள்ளே போகிறது என்பது மட்டுமே உறுதி. அது மணமேடை மைக்கா, ஜெனரேட்டர் இரைச்சலா, சட்டையில் உரசும் காலர் மைக்கா என்பது காதில் கேட்டால்தான் தெரியும்.

முதலில், எந்த மைக் வேலை செய்யுது?

பாதிப் பிரச்னை இங்கேதான். காலர் மைக்கை அழகாக மாட்டியிருப்பார்கள்; போன் மட்டும் தன் சொந்த மைக்கில் கேட்டுக்கொண்டிருக்கும். இதற்கு முக்கியக் காரணம் 3.5 மி.மீ. பின். போனில் உள்ள ஹெட்செட் துளை நான்கு தொடர்பு கொண்ட பின்னுக்கானது: இடது, வலது, கிரவுண்ட், மைக். கேமராவுக்காகச் செய்யப்பட்ட மைக்குகளின் பின்னில் மூன்று தொடர்புதான். கறுப்பு வளையங்களை எண்ணிப் பாருங்கள். மூன்று வளையம் இருந்தால் போனுக்கானது, இரண்டு இருந்தால் கேமராவுக்கானது. கேமரா பின்னைப் போனில் செருகினால், 'ஹெட்போன் மாட்டியிருக்காங்க' என்று போன் நினைத்துக்கொள்ளும். நடுவில் அதற்கான அடாப்டர் வேண்டும்.

இப்போது பல போன்களில் அந்தத் துளையே இல்லை. ஐபோனில் 2016-ல் வந்த ஐபோன் 7-லேயே அது எடுக்கப்பட்டுவிட்டது. டைப்-சி அடாப்டர் வாங்கும்போதும் கவனம் தேவை. சில போன்கள் டைப்-சி வழியாக அனலாக் சத்தத்தை அப்படியே அனுப்பும். பல போன்கள் டிஜிட்டலாக மட்டுமே அனுப்பும். இரண்டாவது வகைக்கு, உள்ளே சிப் வைத்த அடாப்டர்தான் வேலை செய்யும். நண்பர் போனில் ஓடிய அடாப்டர் நம் போனில் ஓடாததற்குக் காரணம் இதுதான். சில ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸுக்குள் போய் 'ஓடிஜி'யை ஆன் செய்தால்தான் டைப்-சி மைக்கைப் போன் கண்டுகொள்ளும். கொஞ்ச நேரம் பயன்படுத்தாமல் விட்டால் அது தானாகவே ஆஃப் ஆகிவிடுவதும் உண்டு.

சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. காலர் மைக்கை நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். பிறகு போனின் அடிப்பக்கத் துளையைச் சுரண்டுங்கள். எதில் 'கரக் கரக்' என்று பெரிதாகக் கேட்கிறதோ அதுதான் ஓடும் மைக். இதை போனின் கேமரா ஆப்பில் மட்டும் செய்துவிட்டு நம்பிவிடக் கூடாது. கேமரா ஆப் ஒரு மைக்கையும் லைவ் ஆப் இன்னொரு மைக்கையும் எடுத்துக்கொள்ளலாம். எந்த ஆப்பில் லைவ் போகப்போகிறீர்களோ அதிலேயே பாருங்கள். ஃபேஸ்புக்கில் 'ஒன்லி மி', யூடியூபில் 'பிரைவேட்' என்று வைத்து ஒரு நிமிடம் லைவ் போட்டு, பிறகு அந்த வீடியோவை ஹெட்போனில் கேட்டால் போதும்.

நேரடியாகக் கேட்க என்ன வழி?

மைக்கிலேயே ஹெட்போன் துளை இருப்பதை வாங்குவது சுலபமான வழி. ரோட் நிறுவனத்தின் வீடியோமைக் மீ-சி, ஷூர் நிறுவனத்தின் எம்வி88 பிளஸ் போன்றவற்றில் இந்த வசதி உண்டு. டிஜேஐ மைக் போன்ற சில வயர்லெஸ் மைக்குகளின் ரிசீவரிலும் ஹெட்போன் மாட்டிக் கேட்கலாம். சத்தம் போனுக்குள் போய்த் திரும்பி வர வேண்டியதில்லை என்பதால் தாமதம் தெரியாது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. ரிசீவரில் மாட்டிய ஹெட்போனில் கேட்பது ரிசீவர் வரை வந்த சத்தம். அதற்குப் பிறகு டைப்-சி பின் லூசாக இருந்தாலோ, ஆப் வேறு மைக்கை எடுத்திருந்தாலோ ஹெட்போனில் தெரியாது. காதில் கணீரென்று கேட்கும், லைவில் ஒன்றுமே இருக்காது. ஹெட்போனோடு திரையில் உள்ள மீட்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: டைப்-சி ரிசீவரைச் செருகியதும் பல போன்கள் அதையே ஹெட்செட்டாக நினைத்து, போனின் சத்தத்தை எல்லாம் அந்தப் பக்கம் திருப்பிவிடும். லைவ் முடிந்து வீடியோவைப் போட்டுப் பார்த்தால் ஸ்பீக்கரில் சத்தமே வராது. 'ஐயோ, ரெக்கார்டே ஆகல' என்று பதறுவதற்கு முன், ரிசீவரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்.

ப்ளூடூத் இயர்பட்ஸ் போட்டுக் கேக்கலாமா?

வேண்டாம். ப்ளூடூத்தில் சத்தம் காதுக்கு வந்து சேர, சாதாரணமாகவே ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல் தாமதமாகும். அடுத்தவர் பேச்சைக் கேட்பவருக்கு இது பெரிய தொல்லை இல்லை. பேசுபவரே தன் குரலை இப்படித் தாமதமாகக் கேட்டால் நாக்கு குழறும். ஏறத்தாழ 200 மில்லிநொடி தாமதத்தில் இந்தத் தடுமாற்றம் அதிகம். இதை வைத்தே ஒருவரின் பேச்சை நிறுத்தும் 'ஸ்பீச் ஜாமர்' என்ற கருவியை ஜப்பானைச் சேர்ந்த குரிஹாரா, சுகாடா ஆகியோர் உருவாக்கி, 2012-ல் இக் நோபல் பரிசு பெற்றார்கள். வேடிக்கைக்குத் தரும் பரிசுதான். ஆனால் விஷயம் உண்மை. டிவியில் களத்தில் நிற்கும் செய்தியாளரின் காதுக்கு, ஸ்டுடியோ சத்தத்தை அவருடைய குரலை மட்டும் நீக்கிவிட்டு அனுப்புவதும் இதற்காகத்தான்.

இயர்பட்ஸால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அதிலும் மைக் உண்டு. சில ஆப்கள் காலர் மைக்கை விட்டுவிட்டு இயர்பட்ஸ் மைக்குக்குத் தாவிவிடும். லைவ் முழுக்க, போன் கால் பேசுவது போன்ற தட்டையான சத்தம்தான் போகும். லைவுக்கு முன் ப்ளூடூத்தையே ஆஃப் செய்வது நல்லது.

இன்னொரு போனில் கேட்பது

பார்வையாளருக்கு என்ன கேட்கிறது என்பதற்கு ஒரே நேரடிச் சாட்சி, வேறொரு போனில் அந்த லைவைத் திறந்து கேட்பதுதான். பல நொடிகள் தாமதமாக வரும் என்பதால் பேசுபவர் இதைக் கேட்கக் கூடாது. கூட வந்த தம்பியிடமோ நண்பரிடமோ போனைக் கொடுத்து, ஹெட்போன் மாட்டி, கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். 'கேக்குதா?' என்பதற்கு அவர் கட்டைவிரலைக் காட்டினால் போதும். ஹெட்போன் இல்லாமல் பக்கத்தில் நின்று கேட்டால் அந்தச் சத்தமும் லைவுக்குள் போய் எதிரொலிக்கும்.

காதில் எதைக் கவனிப்பது?

சத்தம் வருகிறது என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. நாதஸ்வரம், தவில் தொடங்கும் இடத்தில் சத்தம் உடைகிறதா என்று பாருங்கள். பேச்சுக்காக வைத்த அளவு கெட்டிமேளத்துக்குத் தாங்காது. ஹெட்போனில் சத்தம் குறைவாக இருந்தால் ஹெட்போன் வால்யூமைத்தான் கூட்ட வேண்டும். மைக் அளவைக் கூட்டிவிட்டால் கேட்பவருக்கு நன்றாக இருக்கும், பார்ப்பவருக்குக் கரகரக்கும். இரண்டு காதிலும் மாட்டிக் கேளுங்கள். இரண்டு காலர் மைக் உள்ள வயர்லெஸ் செட்டில் ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் அனுப்பும் அமைப்பு இருக்கும். ஒரு காதில் மட்டும் கேட்பவருக்கு ஒருவர் பேசுவது போய்விடும்.

மண்டபத்து மைக் செட்டிலிருந்து நேராக ஒயர் வாங்கிப் போனில் போடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மிக்ஸரிலிருந்து வரும் சிக்னல், மைக் சிக்னலைவிடப் பல மடங்கு வலுவானது. அப்படியே செருகினால் சத்தம் சிதறும். அளவைக் குறைக்கும் அடாப்டர் தேவை. மிக்ஸரின் பேலன்ஸ்டு அவுட்டைத் தவறான கேபிளில் ஸ்டீரியோவாக எடுத்தால் இன்னும் விசித்திரம்: இடதும் வலதும் ஒன்றுக்கொன்று தலைகீழாக வரும். ஹெட்போனில் சற்று விநோதமாக, ஆனால் கேட்கும். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றை ஒன்று அழித்து, குரலே காணாமல் போய்விடும். அந்த இரண்டாவது போனில் ஹெட்போனைக் கழற்றி, மண்டபத்துக்கு வெளியே போய், ஒரு தடவை ஸ்பீக்கரிலும் கேட்கச் சொல்வது இதற்காக.

நடுவில் சத்தம் நின்றுவிட்டால்?

முதலில், போன் கால் வந்ததா என்று பாருங்கள். கால் வந்தால் மைக் அந்தப் பக்கம் போய்விடலாம். வைஃபை இருந்தால் ஏரோபிளேன் மோட் போட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்துகொள்வது பாதுகாப்பு. அதற்கும் சரியாகவில்லை என்றால் வெளி மைக்கைக் கழற்றிவிட்டு, போனைப் பேசுபவர் பக்கம் கொண்டுபோங்கள். சில ஆப்கள் ஓடும் லைவில் மைக்கை மாற்றிக்கொள்ளாது. அப்போது லைவை நிறுத்தி, புதிதாக ஒன்று தொடங்கி, அதன் லிங்கை பழைய லைவின் கமென்ட்டில் போட்டுவிடுங்கள். சிங்கப்பூர் சித்தப்பா அங்கேயேதான் காத்திருப்பார்.