கண்ணாடி கழன்ற காமிரா

தமிழில் ‘கண்ணாடி’ என்ற ஒரே சொல்லால் முகம் பார்ப்பதையும், மூக்கில் அணிவதையும், சன்னலில் பதிப்பதையும் குறிக்கிறோம். ஒளிப்படக் கருவியின் வரலாற்றை எழுதப் புகுந்தால் இந்தச் சொல் சற்றே இடறும். லென்ஸும் கண்ணாடிதான், அதன் பின்னே 45 பாகைச் சாய்வில் நின்ற ஆடியும் கண்ணாடிதான். இன்று ‘மிரர்லெஸ்’ என்று விற்கப்படும் காமிராவில் போனது பின்னது மட்டுமே. பழைய டி.எஸ்.எல்.ஆரை விட்டு மாறலாமா, மாறினால் எந்த லென்ஸ் வாங்குவது என்று ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பர்கள் கேட்பதுண்டு. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்தினால் பாதி விடை கிடைத்துவிடும். மீதி வரலாற்றில் இருக்கிறது.

சென்னை மாகாண அரசு 1856-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைத் தன் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தியது. 1858-இல் அவர் வெளியிட்ட தொகுப்புகளில் மதுரையும் தஞ்சையும் உண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் இல்லை. அவர் காலத்துக் காமிராவின் பின்புறம் தேய்த்த கண்ணாடி ஒன்று இருக்கும். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால் அதில் காட்சி தலைகீழாகத் தெரியும். பிறகு அவ்விடத்தில் மெழுகுத்தாள் நெகடிவைச் செருக வேண்டும். செருகியபின் எதுவும் தெரியாது. இந்தக் கருவியைக் கொண்டே தஞ்சைப் பெரிய கோயில் விமானத்து அடித்தளக் கல்வெட்டைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீண்ட படமாக்கினார். 1860-இல் ஆளுநர் டிரெவெல்யன் வீண் செலவென்று கருதி அந்தப் பணியையே முடித்துவைத்தார்.

படம் பதியும் கணம் வரை லென்ஸ் வழியாகவே பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் ஆடியைக் கொண்டுவந்தது. 1936-இல் வந்த எக்ஸாக்டா, 35 மி.மீ. பிலிமுக்கு அதைப் பொருத்திய முன்னோடிகளுள் ஒன்று. 1949-இல் கான்டாக்ஸ் எஸ் ஐம்முகப் பட்டகத்தைச் சேர்த்து, காட்சியைக் கண்மட்டத்தில் நேராக்கிக் காட்டியது. 1959-இல் நிகான் எஃப் இந்த அமைப்பை உலகெங்கும் நிலைநாட்டியது. 1999-இல் நிகான் டி1 வந்தபோது பிலிம் இருந்த இடத்தில் உணரி அமர்ந்தது; ஆடி அசையவில்லை. 2008-இல் பானாசோனிக் ஜி1 அதைக் கழற்றியது. 2013-இல் சோனியும், 2018-இல் நிகானும் கேனனும் முழுச்சட்டக உணரியோடு அதே வழியில் வந்தன.

ஆடி எழுந்து விழ இடம் வேண்டும். அதனால் நிகான் டி.எஸ்.எல்.ஆரில் லென்ஸ் வளையத்துக்கும் உணரிக்கும் இடையே 46.5 மி.மீ., கேனனில் 44 மி.மீ. இருந்தது. இன்றைய நிகான் இசட் மவுண்ட்டில் அது 16 மி.மீ.; கேனன் ஆர்எஃப்பில் 20 மி.மீ. குறைந்த இடத்தை ஓர் அடாப்டர் குழாயால் நிரப்பினால் பழைய லென்ஸ் புதிய காமிராவில் வேலை செய்யும். புதிய லென்ஸைப் பழைய காமிராவில் பொருத்த முடியாது. எனவே மாறுகிறவர் தம் பழைய லென்ஸ்களை அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை.

இப்படி ஒட்டுப்போடுவது நமக்குப் புதிதும் அன்று. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனும் இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன் (1912–1996), ஒரு நிறுவனத்தின் காமிரா உடலையும் வேறொன்றின் தொலைநோக்கு லென்ஸையும் தாமே இணைத்து, அதற்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். அவருடைய கறுப்பு வெள்ளை யானைப் படங்கள் அத்தகைய கருவியால் பிறந்தவை.

இனி எந்த லென்ஸ் என்ற கேள்வி. நிற்கும் இடமே அதற்கு விடை. ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரம் பதினோரு நிலை, 192 அடி. காமிராவை அண்ணாத்தினால் கோபுரம் பின்னே சாய்ந்து கூம்பிவிடும். சாயாமல் மட்டமாகப் பிடிக்க வேண்டுமானால், முழுச்சட்டகக் காமிராவை நெடுக்காக வைத்து 50 மி.மீ. லென்ஸில் ஏறத்தாழ 158 மீட்டர் விலக வேண்டும், 24 மி.மீ. லென்ஸில் 76 மீட்டர் போதும். 24 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸை 12 மி.மீ. மேலே நகர்த்தினால் 46 மீட்டரில் முடியும். அது விலை மிக்கது. வாங்க இயலாதவர் டிரைப்பைப் போல இரண்டு மூன்று படங்களை எடுத்து ஒட்டலாம்; இன்று அதைக் கணினியே செய்யும்.

ஊரைத் தாண்டி மலையடிவாரம் சென்றால் கணக்கு தலைகீழ். சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் சரணாலயமாக்கப்பட்டு, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்த காடு அது. வாலை நீக்கினால் ஒன்றேகால் அடி நீளமுள்ள அணில் 20 மீட்டர் தொலைவில் இருந்தால், 200 மி.மீ. லென்ஸ் உணரியில் அதை நான்கு மி.மீட்டருக்கும் குறைவாகவே பதிக்கும், 500 மி.மீ. லென்ஸும் பத்து மி.மீட்டரை எட்டாது. உணரியின் உயரமோ 24 மி.மீ. இங்கே ஆடி இல்லாததால் ஒரு நன்மை: ஆடி அறையும் ஓசை இல்லை, மின்னணு ஷட்டரில் அறவே ஓசை இல்லை.

ராஜபாளையம் நாயை எடுப்பவருக்கு வேறொரு பாடம். 2005-இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற அந்த வெண்ணிற நாயைக் காமிராவின் ஒளியளவி சாம்பலாக்கிவிடும். ஆடி காட்டியது எதிரே நிற்கும் நாயை; மிரர்லெஸ்ஸின் சிறு திரை காட்டுவது விழப்போகும் படத்தை. பிழையை அழுத்துவதற்கு முன்பே திருத்திக்கொள்ளலாம். டி.எஸ்.எல்.ஆரின் பின்திரையிலும் இது இயலும். ஆனால் அப்போது ஆடி உயர்ந்து நின்றுவிடுகிறது, அதாவது அதுவும் மிரர்லெஸ்ஸாகிவிடுகிறது. சூடிய மாலையைக் கிணற்று நீரில் பார்த்த பிறகே கொடுத்தவள் ஆண்டாள் என்பது மரபு. அந்தக் கண்ணாடிக் கிணறு இன்றும் கோயிலில் உண்டு. கொடுக்கும் முன் பார்த்துக்கொள்ளும் அந்த வசதி காமிராவுக்கு இப்போதுதான் வாய்த்திருக்கிறது.

இதற்கு விலையும் உண்டு. திரை எப்போதும் எரிவதால் மின்கலம் விரைவில் தீரும். ஒரே அளவுகோலின்படி நிகான் டி750 ஒரு மின்கலத்தில் 1,230 படம் எடுக்கும்; இசட்6 310 படம். நாள் முழுவதும் நீளும் திருமண வேலைக்குக் கூடுதல் மின்கலங்கள் தேவை.

தவணைக் கடனில் தொழில் தொடங்கும் நம் ஊர் இளைஞர்களுக்கு இந்த வரலாறு சொல்வது ஒன்றுதான். காமிரா உடல் சில ஆண்டுகளில் பழசாகும். நிகான் எஃப் காலத்தில் தொடங்கிய லென்ஸ் வளையமோ அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. முதலில் எதை எடுக்கப்போகிறோம், எங்கே நின்று எடுக்கப்போகிறோம் என்று முடிவுசெய்து அதற்கான லென்ஸை வாங்குங்கள். பழைய உடல் உழைக்கும் வரை உழைக்கட்டும்.